மூடத் தெரிந்தபின் திற

என் பட்டறையில் ஒரு நீல நிற பிளாஸ்டிக் வாளி உண்டு. வேலைக்குப் புதிதாக வரும் பையன்களின் கண் முதலில் லேப்டாப் மேல் போகும், அடுத்து மைக்ராஸ்கோப் மேல் போகும். நான் அவர்களை வாளிப் பக்கம் அழைத்துப்போவேன். குளிக்கிற சூட்டுக்குச் சற்றுக் குறைவாக வெந்நீர் ஊற்றி, திறந்து மூடிய தோட்டத்து விளக்கு ஒன்றைக் கரண்ட் இணைப்பு இல்லாமல், கண்ணாடி விளிம்பு மூழ்கும்வரை இறக்குவேன். உள்ளே இருக்கிற காற்று சூடேறி விரியும். மூடியதில் ஊசிமுனை அளவு வழி இருந்தாலும் அங்கிருந்து குமிழி கிளம்பும். மூச்சுத்துளை வைத்த விளக்கானால் அந்தத் துளையை விரலால் அடைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நிமிடம் பார்ப்போம். குமிழி வந்தால் விளக்கு மறுபடி மேசைக்கு. வராவிட்டால் ஆறுவதற்குமுன் எடுத்துத் துடைத்துவிட வேண்டும். தண்ணீரிலேயே ஆறவிட்டால் உள்காற்று சுருங்கி, நம் கண்ணுக்குத் தப்பிய வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

வைஃபை விளக்கைப் பிரித்து, கம்பெனி உள்ளே போட்ட மென்பொருளை, அதாவது ஃபர்ம்வேரை, எடுத்துவிட்டு நமக்கு வேண்டியதை ஏற்றுவது என்றால் எல்லாரும் அதைக் கணினி வேலை என்றே நினைக்கிறார்கள். எழுதுவதற்கு ஆகிற நேரம் இரண்டு நிமிடம். மிச்ச அரைநாளும் திறப்பதற்கும் மூடுவதற்கும் போகிறது. வீட்டுக்குள் எரியும் பல்பில் இந்தக் கவலை கிடையாது. மழையில் நனைகிற விளக்கில் இதுதான் முழுக் கவலையும்.

1989-இல் சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவில், மாடிப்படிக்கு அடியில் இருந்த ஒரு ரேடியோ டிவி கடையில் சேர்ந்தேன். முதலாளியை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். முதல் ஆறு மாதம் எனக்கு சால்டரிங் அயர்ன் பிடிக்கக் கொடுக்கவில்லை. ரிப்பேர் முடிந்த செட்டின் பின்மூடியை மாட்டுவதுதான் என் வேலை. எந்தத் திருகு எந்தத் துளையில் இருந்ததோ அங்கேயே போக வேண்டும். நீளத் திருகைக் குட்டைத் திருகின் இடத்தில் போட்டால் போர்டில் குத்தும். ஒருநாள் பொறுமை இழந்து, நானே ஒரு செட்டைத் திறக்கிறேன் என்று கேட்டேன். "மூடத் தெரிஞ்சுக்கோ, அப்புறம் திற" என்றார் பாய். அன்றைக்கு அது வேலை கொடுக்காமல் தட்டிக்கழிப்பதாகத்தான் பட்டது.

அவரிடம் கற்ற இன்னொன்று சீரிஸ் பல்பு. ஒரு மரப்பலகையில் 100 வாட் குண்டு பல்பு, ஒரு சாக்கெட். ரிப்பேருக்கு வந்த எதையும் நேராகக் கரண்டில் செருகக்கூடாது, இந்தப் பல்பின் வழியாகத்தான் செருக வேண்டும். செட்டுக்குள் ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரிந்து சொல்லிவிடும். ஃபியூஸ் போகாது, கை சுடாது. மூன்றாவது பாடம் போர்டின் இரண்டு கரைகள். கலர் டிவியின் பவர் சப்ளையில் ஒரு பக்கம் மெயின் கரண்டோடு நேரடியாக ஒட்டிக்கொண்டிருக்கும், மறுபக்கம் டிரான்ஸ்ஃபார்மர் தாண்டிப் பிரிந்திருக்கும். முதல் பக்கத்தின் கிரவுண்டில் மீட்டரின் கறுப்பு முனையை வைக்குமுன் பாய் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். "இது எந்தக் கரை?" என்று கேட்பார். பதில் சொன்னபிறகுதான் விடுவார். முப்பது வருடம் கழித்து, தோட்டத்து விளக்குக்குள் அதே கேள்வி எனக்காகக் காத்திருந்தது.

1996-இல் திருவான்மியூரில் தனியாகக் கடை போட்டேன். டிவி ரிப்பேர் குறையக் குறைய, கிழக்குக் கடற்கரைச் சாலையில் எழும்பிய வீடுகளின் வெளிவிளக்கு வேலை வந்து சேர்ந்தது. பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், உத்தண்டி என்று தெற்கே நீண்டுகொண்டே போனது. அப்போதெல்லாம் சோடியம் வேப்பர் விளக்கு. சோக்கு, இக்னைட்டர், பல்பு என்று மூன்றே உறுப்பு. எது போனாலும் கையால் தொட்டே கண்டுபிடிக்கலாம். மாலையில் எரிய வைக்க ஒரு சுழலும் டைமர் இருக்கும். அதன் பற்களை விரலால் தள்ளி நேரம் வைப்போம். மின்வெட்டு வந்தால் டைமர் அதே அளவு பின்தங்கும். மாதம் ஒருமுறை போய்ச் சரிசெய்துவிட்டு வருவேன். அந்த விளக்குகளுக்குக் கடல்காற்றுதான் எமன். அலுமினிய உடம்பில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும், இரும்புத் திருகு உருகிப்போனதுபோல் கரைந்து நிற்கும். 304 எவர்சில்வர் திருகுகூடக் கடலோரத்தில் துருப்பொட்டு காட்டும். 316 போட்டால் தாங்கும். விலை அதிகம் என்று யோசிக்கிற வீட்டுக்காரரிடம் பழைய திருகுகள் போட்டு வைத்த டப்பாவைத் திறந்து காட்டுவேன்.

எல்இடி வந்ததும் வேலை சுருங்கும் என்று பயந்தேன். வைஃபை விளக்கு வந்ததும் வேலையின் சுபாவமே மாறியது.

2018 மழைக்காலத்துக்கு முன்னால் நீலாங்கரையிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, அந்தத் தெருவில் எல்லாருக்கும் டீச்சரம்மா. வெளிநாட்டில் இருக்கும் மகன் தோட்டத்துக்கும் கேட்டுக்கும் பன்னிரண்டு வைஃபை விளக்குகள் வாங்கிப் போட்டுவிட்டுப் போயிருந்தார். ஒன்றும் பழுதில்லை. ஆனால் விற்ற கம்பெனி தன் சர்வரை நிறுத்திவிட்டது, போனில் இருந்த செயலி திறப்பதேயில்லை. விளக்குகள் சுவர் சுவிட்சைப் போட்டால் முழு வெளிச்சத்தில் எரியும், அணைத்தால் அணையும். மாலையில் தானாக வருவது, இரவு பத்துக்கு மேல் மங்குவது எல்லாம் போய்விட்டது. "விளக்கு நல்லா இருக்கு தம்பி, அதோட சாவியை யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்றார்.

இந்த மாதிரிச் செய்தி அன்றைக்கே புதிதில்லை. 2016-இல் ரிவால்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டியை, அதை வாங்கியிருந்த நெஸ்ட் நிறுவனம் ஒரேயடியாக நிறுத்தியது. பின்னால் 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் இன்ஸ்டியான் சர்வர்கள் முன்னறிவிப்பில்லாமல் அடங்கிப்போயின. காசு கொடுத்து வாங்கி, தன் சுவரில் திருகிய விளக்கு எரிவதற்கு எங்கோ இருக்கும் ஒரு சர்வரின் அனுமதி வேண்டும் என்பதை நான் ஏற்றுக்கொண்டதேயில்லை. அந்தக் கோபம்தான் என்னை இந்த வேலைக்குள் இறக்கியது.

டீச்சரம்மா வீட்டிலிருந்து ஒரு விளக்கைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தேன். பத்து வாட் ஃபிளட் லைட், பெட்டியில் ஐபி 65 என்று போட்டிருந்தது. தூசி நுழையாது, எந்தப் பக்கமிருந்து தண்ணீர் பீய்ச்சினாலும் தாங்கும் என்று கணக்கு. முன்கண்ணாடியின் நான்கு மூலையிலும் திருகு. கழற்றிய பிறகும் கண்ணாடி அசையவில்லை. ரப்பர் கேஸ்கெட்டோடு சிலிகானும் போட்டு ஒட்டியிருந்தான். ஹாட் ஏர் கன்னைக் குறைந்த சூட்டில் வைத்து விளிம்பைச் சுற்றிவந்து, பழைய பிளாஸ்டிக் அட்டையை வெட்டி நுழைத்து, ஒரு பக்கமாகத் தூக்கினேன். ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பினால் கண்ணாடி போகும், அதைவிட மோசமாக அலுமினிய விளிம்பில் ஒரு கீறல் விழும். அந்தக் கீறல்தான் பின்னால் வாய்க்கால்.

உள்ளே அலுமினியத் தட்டின் மேல் எல்இடிகள், பின்னால் சின்ன டிரைவர் போர்டு, அதில் செங்குத்தாக நின்ற வைஃபை மாட்யூல். உலோக மூடிக்கு உள்ளே இஎஸ்பி 8266. ஷாங்காயின் எஸ்பிரசிஃப் தயாரித்த அந்தச் சில்லு 2014-இலிருந்து உலகம் முழுக்கப் பரவியிருந்தது. ரிச்சி தெருவிலும் கைக்கடக்கமான போர்டாக, காலேஜ் பையன்கள் புராஜெக்ட்டுக்கு வாங்கிப்போகிற விலையில் கிடைத்தது. அதற்கு தியோ ஆரெண்ட்ஸ் என்ற டச்சுக்காரர் எழுதிய டாஸ்மோட்டா என்கிற ஃபர்ம்வேர் இலவசமாக இருந்தது. வெளியே யாரையும் கேட்காமல், வீட்டு வைஃபைக்குள்ளேயே இயங்கும். வாடிக்கையாளர் ஒருவரின் மகன் அதைப் பற்றிச் சொல்லியிருந்தான். அந்தப் பையன்தான் என்னோடு உட்கார்ந்து முதல் விளக்கைச் செய்தான்.

ஐந்து புள்ளிகள் வேண்டும்: 3.3 வோல்ட், கிரவுண்ட், அனுப்பும் கால், வாங்கும் கால், அப்புறம் ஜிபிஐஓ 0 என்கிற கால். அந்தக் கடைசிக் காலைக் கிரவுண்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பவர் கொடுத்தால், சில்லு தன் வழக்கமான வேலையைத் தொடங்காமல் புதிதாக எழுதச் சொல்லிக் காத்திருக்கும். முடியளவு கம்பிகளை ஈயத்தால் தொட்டு வைத்தேன். முதல் மூன்று முயற்சியில் பாதியில் நின்றது. காரணம் யூஎஸ்பி சீரியல் போர்டு. எஃப்டி 232 சில்லின் 3.3 வோல்ட் கால் தரக்கூடியது 50 மில்லி ஆம்பியர்தான். வைஃபை உயிர்பெறும்போது இஎஸ்பி சில நூறு மில்லி ஆம்பியரை ஒரு கணத்துக்கு இழுக்கும். 1117 ரெகுலேட்டர் ஒன்றைத் தனியாக வைத்துப் பவர் கொடுத்ததும் ஒரே ஓட்டத்தில் முடிந்தது.

எழுதுமுன் உள்ளே இருந்ததை அப்படியே படித்துச் சேமித்தோம். இதை நான் எந்த விளக்கிலும் விட்டதில்லை. பழையது கையில் இருந்தால்தான் தவறினால் திரும்பி வர முடியும். சேமித்த கோப்பை அந்தப் பையன் திரையில் ஓடவிட்டான். அர்த்தமில்லாத குறிகளுக்கு நடுவே, பச்சையாகப் படிக்கிற எழுத்தில் டீச்சரம்மா வீட்டு வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும் நின்றன. குப்பையில் போடுகிற விளக்கை எடுத்துப்போகிறவன் வீட்டுச் சாவியையும் சேர்த்து எடுத்துப்போகிறான் என்பது அன்று புரிந்தது. அதிலிருந்து, என்னிடம் கெட்டுப்போன வைஃபை விளக்கை விட்டுச் செல்கிறவர்கள் கண் முன்னாலேயே மாட்யூலைப் பிடுங்கிக் குறடால் நசுக்கிக் கொடுத்துவிடுகிறேன்.

பன்னிரண்டு விளக்கும் ஒரு வாரத்தில் முடிந்தன. மாட்டிவிட்டு வந்தேன். நான்கு மாதத்தில் மூன்று அணைந்தன.

திறந்து பார்த்தபோது ஃபர்ம்வேரில் குற்றமில்லை. கம்பி இணைப்புகளில் பச்சை பூத்திருந்தது. கண்ணாடியை ஒட்ட நான் பயன்படுத்தியது மீன் தொட்டி ஒட்டுகிற சாதாரண சிலிகான். பிதுக்கும்போது காடி வாசனை மூக்கில் ஏறுமே, அந்த ரகம். அது காய்கிறபோது அசிட்டிக் அமிலத்தை விடும். திறந்த வெளியில் அது காற்றோடு போய்விடும். மூடிய விளக்குக்குள் எங்கே போகும்? தாமிரத்தைத் தின்றிருந்தது. வாசனை இல்லாத, நியூட்ரல் என்று போட்ட ரகம்தான் வேண்டும் என்பதை மூன்று விளக்கு கொடுத்துக் கற்றேன். மூன்றையும் என் செலவில் மாற்றினேன், மீதி ஒன்பதையும் கழற்றிவந்து சுரண்டி மறுபடி ஒட்டினேன். அந்த மாதம்தான் நீல வாளி வாங்கினேன்.

தண்ணீர் கண்ணாடி வழியாக மட்டும் வருவதில்லை. பகலெல்லாம் வெயிலில் காய்ந்த விளக்கின் மேல் சடாரென்று மழை விழுந்தால் உள்காற்று சுருங்கும். சுருங்குகிற காற்று எங்கிருந்தாவது இழுத்தாக வேண்டும். கேஸ்கெட்டும் வயர் நுழையும் கிளாண்டும் இறுக்கமாக இருந்தால் வயர் வழியாக இழுக்கும். மேல் உறைக்கும் உள் வயர்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு குழாய். வயரின் மறுமுனை தரையில் ஈரப் பெட்டிக்குள் கிடந்தால் அந்த ஈரம் இரண்டு மீட்டர் மேலேறி விளக்குக்குள் வந்துவிடும். அதனால் வயர் விளக்குக்குள் நுழையும் இடத்தில் உறையை உரித்து, வயர்களைப் பிரித்து, நடுவில் சிலிகானை நிரப்பி அடைக்கிறேன். அந்தத் தரைப் பெட்டிகளில் எறும்பு வேறு குடியிருக்கும். மண்ணோடு முட்டையோடு இணைப்பின் மேலேயே கூடு கட்டியிருப்பதை எத்தனையோ முறை சுரண்டி எடுத்திருக்கிறேன்.

இனி மின்சாரப் பக்கம். இதைச் சொல்லாமல் இந்தத் தொழிலைப் பற்றி எழுதக்கூடாது.

2019-இல் ஒரு இளைஞர் கருகிய லேப்டாப்போடு கடைக்கு வந்தார். வீட்டு வாசல் விளக்கைத் திறந்து, ஐந்து கம்பியும் சரியாகப் பிடித்திருக்கிறார். எழுதவும் செய்துவிட்டார். வேலை செய்கிறதா என்று பார்க்க, கம்பிகளைக் கழற்றாமலே விளக்கைக் கரண்டில் செருகியிருக்கிறார். யூஎஸ்பி போர்டு வெடித்தது, லேப்டாப்பின் தாய்ப்பலகை போனது. அவர் கை உலோகத்தில் இல்லை, பிழைத்தார். "அது 3.3 வோல்ட்தானே அண்ணா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

3.3 வோல்ட்தான். ஆனால் எந்தக் கரையிலிருந்து பார்த்து? மலிவான விளக்கு டிரைவர்களில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துப் பிரிப்பதில்லை. 230 வோல்ட்டை நேராக டிசியாக்கினால் உச்சத்தில் 325 வோல்ட் வரும். அதை ஒரு காயில் வழியாக இறக்கி எல்இடிக்கும் மாட்யூலுக்கும் கொடுக்கிறார்கள். மாட்யூலின் கிரவுண்டும் மெயின் லைனும் ஒரே உடம்பு. அந்தக் கிரவுண்டில் லேப்டாப்பை இணைப்பது, லேப்டாப்பை ஃபேஸ் கம்பியில் கட்டுவதற்குச் சமம். பாய் என் மணிக்கட்டைப் பிடித்துக் கேட்ட கேள்வி அதுதான். அந்த இளைஞரைச் சீரிஸ் பல்பு முன் உட்காரவைத்து, மீட்டரைக் கையில் கொடுத்து, அவர் விளக்கின் கிரவுண்டுக்கும் சுவர் எர்த்துக்கும் நடுவே எவ்வளவு காட்டுகிறது என்று அவரையே பார்க்கச் சொன்னேன். பார்த்தபிறகு ரொம்ப நேரம் பேசவில்லை.

என் மேசையில் இன்றும் ஒரே விதி. சீரியல் கம்பி விளக்கில் இருக்கும்போது அதன் கரண்ட் பிளக் மேசைக்கு மேல் என் கண்ணெதிரே கிடக்க வேண்டும். செருகியிருந்து கழற்றிய விளக்கானால் பெரிய கெபாசிட்டரை ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் சுழி பார்த்தபிறகுதான் தொடுவது. நீச்சல் குளத்துக்குள் இருக்கும் விளக்கை, என்ன கூலி கொடுத்தாலும், நான் பிரிப்பதில்லை. தண்ணீரில் மனிதர் இறங்குகிற இடத்தில் என் கை திறந்து மூடிய ஒன்று இருக்கக்கூடாது.

2018 டிசம்பரில் ஜெர்மனியின் லைப்சிக்கில் நடந்த ஹேக்கர் மாநாட்டில், துயா மாட்யூல் வைத்த சாதனங்களின் பலவீனங்களை ஒருவர் விளக்கிக் காட்டினார். ஹாங்சோவைச் சேர்ந்த துயா எத்தனையோ பிராண்டுகளுக்கு மாட்யூலும் சர்வரும் கொடுக்கிற கம்பெனி. பெட்டியின் மேல் பத்துப் பெயர் இருக்கும், உள்ளே ஒரே மாட்யூல். அந்த வழியை வைத்து, விளக்கைத் திறக்காமலே காற்றில் ஃபர்ம்வேரை மாற்றும் கருவி சீக்கிரமே வந்துவிட்டது. ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி ஒன்று போதும். அந்த ஒரு வருடம் எனக்குப் பொற்காலம். கேஸ்கெட்டைத் தொடவே வேண்டாம், ஏணியில் ஏறவே வேண்டாம். திண்ணையில் உட்கார்ந்தபடி தோட்டம் முழுக்க மாற்றிவிட்டு, வீட்டுக்காரர் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வருவேன்.

அந்தக் கதவு மூடிக்கொண்டது. கம்பெனி ஓட்டையை அடைத்தது; அதோடு 2020 வாக்கில் சில்லையே மாற்றினார்கள். வெளியே பார்த்தால் அதே விளக்கு, அதே பெட்டி. திறந்தால் இஎஸ்பி இருந்த இடத்தில் பெக்கன் பிகே 7231. டாஸ்மோட்டா அதில் ஓடாது. கையிருப்பில் இருந்த பழைய மாட்யூல்களைப் பிடுங்கி மாற்றிப் போட்டேன். கால் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். இஎஸ்பி 12-ஐ வைத்து, ஜிபிஐஓ 15-ஐ 10 கிலோ ஓம் ரெசிஸ்டரால் கீழே கட்டி, எனேபிள் காலை மேலே கட்டினால் எழுந்துகொள்ளும். ஆனால் அலுமினியப் பலகையின் மேல் ஒட்டிய மாட்யூலைப் பிடுங்குவது கண்ணில் நீர் வரவைக்கும் வேலை. அலுமினியம் அயர்னின் சூட்டையெல்லாம் குடித்துவிடும். அடியில் ஹாட் பிளேட்டில் சூடேற்றிக்கொண்டு மேலே ஹாட் ஏர் அடிக்க வேண்டும். அவசரப்பட்டால் தடம் உரிந்து கையோடு வரும்.

பிறகு பெக்கனுக்கே ஓபன்பெக்கன் என்ற திறந்த ஃபர்ம்வேர் வந்தது. மாட்யூலைப் பிடுங்க வேண்டியதில்லை. ஆனால் இதில் டி, என் என்று இரண்டு வகை உண்டு. மூடியின் மேல் பொடி எழுத்தில் இருப்பதை லென்ஸ் வைத்துப் படிக்க வேண்டும். டி வகையில் தொடக்கத்தில் இருக்கும் பூட்லோடரை அழித்துவிட்டால் சீரியல் வழியாக மறுபடி எழுதவே முடியாது. ஒரு விளக்கை நான் அப்படி இழந்திருக்கிறேன். ரேடியோவின் அளவீட்டு விவரங்கள் இருக்கும் பகுதியும் அப்படித்தான். அது போனால் விளக்கு எழும், வைஃபை மட்டும் பலவீனமாகிவிடும். எழுதுமுன் படித்துச் சேமிக்கும் பழக்கம் இங்கேயும் காப்பாற்றியது. சேமித்த கோப்பில் இன்னொரு புதையலும் உண்டு: எந்தக் கால் எந்த நிறத்துக்கு, நிறங்களுக்கு எவ்வளவு கரண்ட் என்று தொழிற்சாலையிலேயே எழுதி வைத்த பட்டியல். பல நிற விளக்குகளில் பிபி 5758 போன்ற சில்லு எல்இடிக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும். அந்த அளவைப் பட்டியலில் பார்க்காமல் ஊகித்துக் கூட்டி வைத்தால் முதல் வாரம் பிரகாசமாக எரியும், அப்புறம் எல்இடியின் மஞ்சள் கறுக்கும்.

ஒரு பழுது என்னை மூன்று மாதம் அலையவிட்டது. ஈஞ்சம்பாக்கத்தில் ஒரு வீடு. மழை வரும்போதெல்லாம் விளக்குகள் வைஃபையை மறந்துவிடும். புதிதாக வாங்கியதுபோல் தன் பெயரில் ஒரு வைஃபையைக் கிளப்பிக்கொண்டு நிற்கும். தண்ணீர் என்று நினைத்து எல்லாவற்றையும் கழற்றி வாளியில் இறக்கினேன். ஒரு குமிழிகூட இல்லை. ஒருநாள் மழை பெய்யும்போதே போய் உட்கார்ந்தேன். கரண்ட் போனது, வந்தது, போனது, வந்தது. மரக்கிளை எங்கோ லைனில் உரசியிருக்க வேண்டும். ஏழாவது முறை வந்தபோது விளக்கு எல்லாவற்றையும் மறந்திருந்தது. டாஸ்மோட்டாவில் ஒரு வசதி உண்டு: அடுத்தடுத்து ஆறு தடவை பவர் வெட்டி ஏழாவதில் விட்டால், சிக்கிக்கொண்ட சாதனம் தன் அமைப்புகளை அழித்துப் புதிதாகத் தொடங்கும். எழுதியவரின் ஊரில் அப்படி யாராவது வேண்டுமென்றே செய்தால்தான் உண்டு. நம் ஊரில் ஐப்பசி மழையே செய்துவிடுகிறது. செட்ஆப்ஷன் 65 என்ற ஒரு வரியில் அதை நிறுத்தலாம். இப்போது நான் எழுதும் ஒவ்வொரு விளக்கிலும் முதல் வேலை அந்த வரி.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். அந்த இரவு டீச்சரம்மா வீட்டில் என்ன நடந்தது என்று எனக்கு இரண்டு நாள் கழித்து, போன் கிடைத்தபோதுதான் தெரிந்தது. காம்பவுண்டுக்குள் தண்ணீர் ஏறியிருந்தது. மெயின் கரண்ட் போனதும் ஜெனரேட்டரைப் போட்டிருக்கிறார்கள். தோட்டத்து விளக்கு எதுவும் எரியவில்லை. தண்ணீர் எத்தனையாவது படிவரை வந்திருக்கிறது என்று தெரியாமல், டார்ச்சைப் பிடித்தபடி கதவருகில் உட்கார்ந்திருந்திருக்கிறார். கோபமாக எதுவும் சொல்லவில்லை. "நெட் இல்லாட்டியும் எரியும்னு சொன்னீங்களே தம்பி" என்று மட்டும் கேட்டார்.

சொல்லியிருந்தேன். ஐந்து வருடம் அந்த நம்பிக்கையில் இருந்தேன். டாஸ்மோட்டாவுக்கு ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்துவிட்டால் சூரியன் மறையும் நேரத்தைத் தானே கணக்கிடும். சென்னைக்கு 13.08, 80.27. நவம்பர் கடைசியில் ஐந்தே முக்காலுக்கு முன்பே எரியும், ஜூலையில் ஆறரை தாண்டும். யாரும் தொட வேண்டாம். ஆனால் அந்தக் கணக்குக்கு இப்போது மணி என்ன என்று தெரிய வேண்டும். விளக்குக்குள் கடிகாரத்துக்கு பேட்டரி இல்லை. பவர் வந்ததும் இணையத்தில் ஒரு நேர சர்வரைக் கேட்டுத்தான் மணி தெரிந்துகொள்ளும். கரண்ட் போய் ஜெனரேட்டர் வரும்வரை அரை நிமிடம் இருந்திருக்கும். அந்த அரை நிமிடத்தில் பன்னிரண்டு விளக்கும் நேரத்தை மறந்தன, கேட்டுத் தெரிந்துகொள்ள இணையம் இல்லை. பகலில் கரண்ட் வந்து வீணாக எரியக்கூடாது என்று, பவர் வந்ததும் அணைந்தே இருக்கும்படி நானே அமைத்திருந்தேன். ஒரு சர்வரிடமிருந்து விடுவித்ததாக நினைத்து இன்னொரு சர்வரிடம் கட்டி வைத்திருக்கிறேன்.

தண்ணீர் வடிந்த வாரம் போய்ச் சரிசெய்தேன். மாடி அலமாரியில், ரௌட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ராஸ்பெர்ரி பை. அதில் டிஎஸ் 3231 கடிகாரப் போர்டு. காசு பேட்டரியில் ஓடும், நம் வெப்பத்திலும் வருடத்துக்கு ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மேல் பிசகாது. கடைகளில் கிடைக்கும் அந்தப் போர்டில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஒரு டையோடு இருக்கும். சார்ஜ் ஆகாத சாதாரண 2032 பேட்டரி போடுவதானால் அந்த டையோடை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பேட்டரி உப்பிக்கொள்ளும். வீட்டு விளக்குகள் எல்லாம் இனி இந்தப் பையிடம்தான் மணி கேட்கும். பவர் வந்தால் கடைசியாக இருந்த நிலைக்கே திரும்பும்படியும் மாற்றினேன். கேட் விளக்கு ஒன்றை மட்டும் வைஃபையிலிருந்தே பிரித்து, இருட்டினால் எரியும் பழைய போட்டோசெல்லில் கட்டினேன். சோடியம் வேப்பர் காலத்து ரகம். எல்லாம் போனாலும் அது ஒன்று எரிய வேண்டும். பணம் வாங்கவில்லை. டீச்சரம்மா விடவுமில்லை, ஒரு பை நிறைய முருங்கைக்காய் கொடுத்தனுப்பினார்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்த நாள். காலையிலிருந்து சென்னையில் விடாத மழை. நான்கு மணிக்கெல்லாம் டீச்சரம்மா வீட்டில் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, இணையமும் இல்லை. ஆறு மணி வாக்கில் அவரே போன் செய்தார். "எல்லாம் தானா வந்துடுச்சு தம்பி. மூலையில வேப்பமரத்தடி விளக்கு மட்டும் வரலை. அது பரவாயில்லை."

மழை விட்ட மூன்றாம் நாள் போய் வேப்பமரத்தடி விளக்கைக் கழற்றிவந்தேன். கண்ணாடிக்குள் ஒரு ஸ்பூன் தண்ணீர். ஃபர்ம்வேர் சரி, வயர் நுழையும் இடம் சரி. வாளியில் இறக்கியபோது கீழ் விளிம்பில் ஒரே இடத்திலிருந்து சின்னச் சின்னக் குமிழியாக வந்தது. அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு திறந்து, கேஸ்கெட்டை லென்ஸின் கீழ் வைத்துப் பார்த்தேன். ரப்பருக்கும் அலுமினியத்துக்கும் நடுவே, அழுந்திப்போய், கண்ணாடித்தாள் போல ஒரு ஈசல் இறகு. அந்த வருட அக்டோபரில் அந்த விளக்கைச் சோதிக்கத் திறந்து, நான்தான் மூடினேன். மழை விட்ட மாலை நேரம், மேசை விளக்கைச் சுற்றி ஈசல் பறந்துகொண்டிருந்தது நினைவிருக்கிறது. வேலை முடிந்தது என்று பட்டறைப் பையனிடம் சொல்லிக் கடையைச் சாத்தினேன். வாளியில் அன்று வெந்நீர் ஊற்றவில்லை.

இறகை எடுத்து, விளிம்பை ஸ்பிரிட்டால் துடைத்து, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் புதிதாக வைத்தேன். அன்று மூடவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு, வெயில் வந்தபிறகு, விசிறியை நிறுத்திவிட்டு, நான்கு திருகையும் எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி இறுக்கினேன். பையன் வாளியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.